‘ஃபுல் பாடி செக்கப்’ பேக்கேஜ்கள்: கோவையிலிருந்து ஈரோடு வரை எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

கொங்குப் பக்கம் இப்போது விற்கிற முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜ்கள் ஏறக்குறைய மூன்று ரகம். ஆயிரம், ரெண்டாயிரம் ரூபாய்க்குள் வீட்டுக்கே ஆள் வந்து ரத்தமும் சிறுநீரும் வாங்கிப்போவது முதல் ரகம். ஸ்கேன் சென்டர்கள் அதோடு ஈசிஜி, நெஞ்சு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன் சேர்த்து விற்பது அடுத்தது. பெரிய ஆஸ்பத்திரிகளின் ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ மூன்றாவது. எக்கோ (இதய ஸ்கேன்), டிரெட்மில் (நடக்கவிட்டு இதயத்தைப் பார்ப்பது), டாக்டர் ஆலோசனை, கேன்டீன் கூப்பன் எல்லாம் உண்டு.

மூன்றுக்கும் பொதுவான குறையை முதலிலேயே சொல்லிவிடலாம். வாங்குபவரின் வயது என்ன, என்ன வேலை செய்கிறார் என்று எந்தக் கவுண்டரிலும் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் ‘சில்வரா, கோல்டா, பிளாட்டினமா’தான். குழாயில் எடுத்த ரத்தத்தில் பிடிபடும் நோய்க்கு நல்ல விலையில் சேவை கிடைக்கிறது. ஊதிப் பார்த்து, காது கேட்டு, காலைத் தொட்டு, கண்ணுக்குள் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டிய நோய்க்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அதற்கெல்லாம் ஆள் வேண்டும், நேரம் வேண்டும். மெஷினில் குழாயைச் செருகுகிற வேகத்தில் அது ஆகாது.

‘87 டெஸ்ட்’ கணக்கு எப்படி வருகிறது?

ஃபிளெக்ஸில் போடும் எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். ரத்த அணுக்கள் எண்ணிக்கை என்கிற சிபிசி ஒரே டெஸ்ட். ஊதா மூடிக் குழாய் ஒன்று, மெஷினில் ஒரு நிமிஷ வேலை. ரிப்போர்ட்டில் அது இருபதுக்கு மேற்பட்ட வரிகளாக விரியும், பில்லில் ஒவ்வொரு வரியும் ஒரு டெஸ்ட். கொழுப்புப் பரிசோதனையில் எட்டு வரி இருந்தால், பல இடங்களில் நிஜமாக அளப்பது மொத்தக் கொலஸ்ட்ரால், எச்டிஎல், டிரைகிளிசரைடு மூன்றுதான். மற்ற ஐந்தும் கூட்டல், கழித்தல், வகுத்தல். கல்லீரல் பரிசோதனையில் வரும் குளோபுலின், மறைமுக பிலிரூபின், விகிதங்கள் எல்லாமே கால்குலேட்டர் வேலை. சிறுநீரில் நிறம், கலங்கல், மணம் வரைக்கும் தனித்தனி டெஸ்ட்டாக ஏறும். மொத்தத்தைப் பிரித்துப் பார்த்தால் எட்டு, பத்து பரிசோதனை தேறும். அது குறைவில்லை, அதை 87 என்று சொல்வதில்தான் தில்லுமுல்லு.

கணக்குப் போட்டு எடுக்கும் எல்டிஎல்லில் (கெட்ட கொழுப்பு) ஒரு சிக்கல் உண்டு. மொத்தக் கொலஸ்ட்ராலில் இருந்து எச்டிஎல்லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பது பழைய வழக்கம். கொலஸ்ட்ரால் 200, எச்டிஎல் 40, டிரைகிளிசரைடு 150 என்றால் எல்டிஎல் 130. அதே ஆள் ஒரம்பரை வீட்டு விசேஷத்தில் மட்டனும் நாலு பெக்கும் ஏற்றிக்கொண்டு மறுநாள் காலையில் கையை நீட்டினால் டிரைகிளிசரைடு 250 ஆகலாம். மற்ற இரண்டும் மாறாவிட்டாலும் எல்டிஎல் 110 என்று வரும். விருந்துக்குப் பிறகு கெட்ட கொழுப்பு இறங்கிவிட்டதாக ரிப்போர்ட் பேசும். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கே செல்லாது, எல்டிஎல்லை நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும். டெஸ்ட்டுக்கு முந்தின ராத்திரி வழக்கமான சாப்பாடு, அதன்பின் 10 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு, அவ்வளவுதான். “தண்ணிகூடக் குடிக்காம வாங்க” என்று போனில் சொல்லும் ரிசப்ஷன்கள் இன்னும் இருக்கின்றன. தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். குடிக்காமல் போனால் நரம்பு கிடைக்காது, யூரியா கொஞ்சம் ஏறியும் காட்டும்.

ரத்தம் எடுத்த பிறகு நடப்பது

வீட்டுக்கு வந்து எடுக்கும் சேவையின் பலவீனம் இங்கேதான். எடுப்பவர் பெருந்துறையில் ஒரு வீடு, விஜயமங்கலத்தில் ஒன்று, ஊத்துக்குளியில் ரெண்டு என்று முடித்துவிட்டுத் திருப்பூர் போய்ச் சேர நாலு மணி நேரம் ஆகும். சாதாரணக் குழாயில் இருக்கும் ரத்தத்தின் செல்கள் அத்தனை நேரமும் குளுக்கோஸைத் தின்றுகொண்டிருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். சித்திரை வெயிலில் இன்னும் கூட. வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 இருந்தால் அது சர்க்கரை நோய்க்கான எல்லை. அந்த ரத்தம் நாலு மணி நேரம் அப்படியே கிடந்தால் 98 பக்கம் வந்து நிற்கும், ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று அச்சாகும். அதனால்தான் சர்க்கரைக்குச் சாம்பல் நிற மூடி போட்ட ஃப்ளோரைடு குழாய் தனியாக இருக்கிறது. அதுவும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முழுமையாக வேலை செய்யாது என்றாலும், இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். எடுக்க வருபவர் பெட்டியைத் திறக்கும்போதே பாருங்கள். சாம்பல் மூடி இல்லையென்றால் அந்தச் சர்க்கரை அளவை நம்ப வேண்டாம்.

அடுத்து பொட்டாசியம். கைப்பட்டையை இறுக்கிக் கட்டி, “நல்லா மூடி மூடித் தொறங்க” என்று முஷ்டியைப் பிசைய வைத்து, மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தால் பொட்டாசியம் இல்லாத உயரத்துக்குப் போகும். சிவப்பணு உடைந்து உள்ளே இருப்பது வெளியே கொட்டுவதும் ஒரு காரணம். சீரம் பிரிக்காத குழாயை நேராக ஐஸ் மேல் வைத்தாலும் இதே கதிதான். நல்ல லேப் என்றால் ரிப்போர்ட்டில் ‘ஹீமோலைஸ்டு’ என்று குறிப்பு எழுதி மறுபடி ரத்தம் கேட்கும். அப்படிக் கேட்டு வரும் லேபைத் திட்டக் கூடாது. கேட்காமல் 6.2 என்று அடித்துக் கொடுத்து வீட்டில் எல்லோருக்கும் வெசனம் ஏற்றுகிற இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

கலெக்‌ஷன் சென்டர் வேறு, லேப் வேறு என்பதையும் கவனிக்கவும். கதவில் என்ஏபிஎல் (லேப்களின் தரத்தை அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) ஸ்டிக்கர் இருந்தால் போதாது. அந்த அங்கீகாரம் குறிப்பிட்ட லேபுக்கு, குறிப்பிட்ட பரிசோதனைகளுக்கு மட்டும். ரிப்போர்ட்டில் அந்த முத்திரையும் சான்றிதழ் எண்ணும் இருக்கிறதா, எந்த வரிக்குப் பக்கத்தில் ‘அங்கீகாரத்துக்கு உட்படாதது’ என்ற குறி இருக்கிறது என்று பாருங்கள்.

எச்பிஏ1சி: நல்லதுதான், ஆனால் எல்லோருக்கும் அல்ல

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி இல்லாத பேக்கேஜ் இப்போது இல்லை. 5.7-க்குக் கீழ் சரி, 6.5-உம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். ஆனால் இந்த எண் ஹீமோகுளோபினின் முதுகில் ஏறி வருவது. இரும்புச்சத்துக் குறைவில் சிவப்பணுவின் ஆயுள் நீண்டு எண் கொஞ்சம் ஏறியே காட்டும். ஹீமோகுளோபின் 9-இல் நிற்கும் பெண்ணுக்கு எச்பிஏ1சி 6.1 என்று வந்தால் உடனே ‘சர்க்கரைக்கு முந்தைய நிலை’ என்று முத்திரை குத்தாமல், ரத்தச்சோகையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும். சிவப்பணு சீக்கிரம் உடையும் சிக்கிள் செல் நோயில் நேர்மாறாக, எண் இறங்கிக் காட்டும். சத்தியமங்கலம் மலை, ஆனைகட்டி, நீலகிரி பழங்குடி மக்களிடம் இந்த நோய் இருப்பதால் அங்கெல்லாம் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் சாப்பிட்ட பின் சர்க்கரையும்தான் நம்பத் தகுந்தவை. சிக்கிள் செல் பரிசோதனையே பேக்கேஜில் இல்லை. 2023 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ளோருக்கு இலவசமாகப் பார்க்கிறார்கள்.

சாப்பிட்ட பின் சர்க்கரைக்கு ஆஸ்பத்திரி கூப்பனில் பூரியும் கேசரியும் வரும். சர்க்கரை நோயாளிக்கும் அதே கூப்பன்தான். ரெண்டு மணி நேரம் என்பது முதல் வாய் வைத்த நேரத்தில் இருந்து, கை கழுவிய நேரத்தில் இருந்து அல்ல.

மில்லுக்கும் தறிக்கும் போகிறவர்கள் ஏமாறும் இடம்

இந்த ஊர்ப் பேக்கேஜ்களைச் சென்னைப் பேக்கேஜில் இருந்து அப்படியே இறக்கியிருக்கிறார்கள். ஸ்பின்னிங் மில்லில் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூம், கார்டிங் பகுதியில் பத்து வருஷம் நின்றவருக்கு முதலில் பார்க்க வேண்டியது நுரையீரல். பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் ஒரு விசித்திரமான ஒழுங்கோடு வரும்: வார லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகும், அடுத்த நாள்களில் தளரும். வருஷங்கள் போகப் போக எல்லா நாளும் இறுகும். ஆரம்பத்தில் நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும். அந்த எக்ஸ்ரேயைக் காட்டி ‘ஒண்ணுமில்லீங்க’ என்று அனுப்புவதுதான் நடக்கிற தவறு.

வேண்டியது ஸ்பைரோமெட்ரி. நேராக உட்கார்ந்து, மூக்குக்குக் கிளிப் போட்டு, முழு மூச்சை இழுத்து, குழாயை உதடு மூடிப் பிடித்து, வெடித்தாற்போல் ஊத வேண்டும். ஊதிக்கொண்டே ஆறு விநாடிக்குக் குறையாமல் போக வேண்டும். குறைந்தது மூன்று நல்ல ஊதல், அதில் சிறந்த இரண்டுக்கும் நடுவில் 150 மில்லிக்கு மேல் வித்தியாசம் கூடாது. ஒரே தடவை ஊத வைத்து ‘ஓகே’ என்றால் அது பரிசோதனை இல்லை. பஞ்சு வேலைக்காரருக்கு லீவு முடிந்த முதல் நாள், ஷிப்டுக்கு முன்னும் ஷிப்டு முடிந்த பின்னும் எடுத்து, முதல் விநாடியில் வெளியேறும் காற்று எவ்வளவு குறைந்தது என்று ஒப்பிட வேண்டும். பேக்கேஜ்களில் இது பெரும்பாலும் ‘கூடுதல் கட்டணம்’ பட்டியலில் கிடக்கும். வீட்டுச் சேவை ரகத்தில் இல்லவே இல்லை. விறகடுப்பில் முப்பது வருஷம் சமைத்த அப்பத்தாவுக்கும் இதே டெஸ்ட் பொருந்தும், பீடி தொட்டிருக்காவிட்டாலும்.

சோமனூர், பல்லடம் விசைத்தறிக்காரர்களுக்குக் காது. சத்தத்தால் வரும் கேள்விக் குறைவு முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளமாகத் தெரியும். பேச்சு நன்றாகக் கேட்கும் காலத்திலேயே அந்தப் பள்ளம் விழுந்திருக்கும். ‘காது நல்லாத்தான் கேக்குது’ என்பதற்கு மதிப்பில்லை. ஆடியோகிராமுக்கு முன்னால் 14 மணி நேரமாவது தறிச் சத்தத்தை விட்டு விலகியிருக்க வேண்டும். தறியை நிறுத்திவிட்டு நேராக வந்து உட்கார்ந்தால் தற்காலிக மந்தமும் சேர்ந்து காட்டும். ஆக இதற்கும் லீவு முடிந்த காலைதான் சரி. திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியில் போகிறவர்களுக்குக் கல்தூசி. அவர்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரே வீண் இல்லை, சிலிக்கோசிஸ் அதில் தெரியும். கூடவே சளிப் பரிசோதனையும் வேண்டும். கல்தூசி படிந்த நுரையீரலில் காசநோய் சுலபமாகப் பிடிக்கும்.

பிசினோசிஸ், சிலிக்கோசிஸ், சத்தத்தால் வரும் கேள்விக் குறைவு மூன்றுமே இஎஸ்ஐ சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் உள்ளவை. இஎஸ்ஐ கார்டு இருப்பவர் இவற்றுக்காக பிளாட்டினம் வாங்கத் தேவையில்லை. டிஸ்பென்சரியில் வேலை விவரத்தைச் சொல்லி, சிங்காநல்லூர் இஎஸ்ஐ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதி வாங்கலாம். பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை காசநோய் சானடோரியமாக இருந்து வளர்ந்த இடம் என்பதும் நுரையீரல் தொந்தரவுக்காரர்களுக்கு நினைவிருக்கட்டும்.

குழந்தைக்கு ‘கிட்ஸ் பேக்கேஜ்’

நேராகச் சொன்னால் வேண்டாம். உள்ளே இருப்பது வைட்டமின்களும், நாற்பது ஐம்பது உணவுப் பொருளுக்கான அலர்ஜி பேனலும். ரத்தத்தில் ‘வேர்க்கடலை பாசிட்டிவ்’ என்று வந்தாலே அலர்ஜி என்று ஆகாது. சாப்பிட்டு எந்தத் தொந்தரவும் இல்லாத பிள்ளைக்குக் கடலை, பால், முட்டை எல்லாம் நிறுத்தி இளைக்க வைப்பதுதான் மிச்சம். உயரம், எடையை வளர்ச்சி வரைபடத்தில் குறிப்பது, கண், பல், ஹீமோகுளோபின் இவையே போதும். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் ஆர்பிஎஸ்கே (குழந்தைகளுக்கான அரசின் உடல்நலப் பரிசோதனைத் திட்டம்) குழு 18 வயது வரை இவற்றைச் செலவில்லாமல் பார்க்கிறது.

காசு கொடுத்தாவது செய்ய வேண்டியது பிறந்த குழந்தைக்குத்தான்: குதிகாலில் ஒரு சொட்டு ரத்தத்தில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்), கூடவே காது கேட்கும் பரிசோதனை. தைராய்டு இல்லாமல் பிறந்த குழந்தை வெளிப்பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாமல் இருக்கும். முதல் ரெண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் மூளை வளர்ச்சி தப்பிக்கும். பிறந்த முதல் நாளிலேயே எடுத்தால் டிஎஸ்எச் இயல்பாகவே ஏறியிருக்கும், வீண் பயம்; 48 மணி நேரம் கழித்து எடுப்பது நல்லது. சீக்கிரம் டிஸ்சார்ஜ் ஆகிறவர்கள் மூன்று முதல் ஐந்தாம் நாளுக்குள் திரும்ப வந்து கொடுக்க வேண்டும்.

பெண்களுக்கான பேக்கேஜ்

இங்கே விற்பனை மூளை நன்றாக வேலை செய்திருக்கிறது. கர்ப்பப்பை, சினைப்பைப் புற்றுநோய்க்கு என்று சிஏ 125 என்ற ரத்தப் பரிசோதனையைச் சேர்த்து ஆயிரம் ரூபாய் ஏற்றுகிறார்கள். மாதவிடாய், ஃபைப்ராய்டு, எண்டோமெட்ரியோசிஸ் எதிலும் அது ஏறும். தொந்தரவு இல்லாத பெண்ணுக்கு அதை வைத்துப் புற்றுநோய் தேடக் கூடாது. கர்ப்பப்பை வாய்க்கு பாப் ஸ்மியர் அல்லது எச்பிவி டெஸ்ட்தான். மாதவிடாய் நாள்களைத் தவிர்த்து, அதற்கு முந்தின 48 மணி நேரம் பிறப்புறுப்பில் எந்த மருந்தும் வைக்காமல் போக வேண்டும். 30 வயதில் இருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் பரிசோதனை இலவசம், மார்பும் வாயும் சேர்த்துப் பார்க்கிறார்கள். மேமோகிராம் இல்லாத ‘40 பிளஸ் லேடீஸ்’ பேக்கேஜுக்கு அந்தப் பெயரே பொருந்தாது. வயிற்று ஸ்கேனில் மார்பு தெரியாதுங்க.

கர்ப்பிணிகளுக்குத் தனியார் லேபில் வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் எடுத்து முடித்துவிடுவது உண்டு. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் செய்யும் முறை அதைவிட நல்லது: சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து ஐந்து, பத்து நிமிஷத்துக்குள் குடிக்கக் கொடுத்து, ரெண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தம். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும், அரை மணிக்குப் பிறகு என்றால் தொடரலாம். பிரசவமான ஆறு வாரத்தில் ஒருமுறை திரும்பப் பார்க்காமல் விடுவதுதான் எல்லா இடத்திலும் நடக்கும் தவறு.

நடு வயது: இருக்க வேண்டியதும் இருப்பதும்

ரத்த அழுத்தம் எல்லாப் பேக்கேஜிலும் இருக்கிறது, ஒழுங்காக எடுப்பதுதான் அபூர்வம். மண்டபத்து கேம்ப்பில் கவனித்துப் பாருங்கள். வரிசையில் நின்றவர் உட்கார்ந்த உடனே சட்டைக் கை மேலேயே பட்டை சுற்றப்படும், கை மடியில் தொங்கும், கால் மேல் கால், இடையில் “டீ சாப்டீங்களா?” என்று பேச்சு வேறு. இதில் ஒவ்வொன்றும் எண்ணைத் தூக்கும். கை இதயத்துக்கு 10 செ.மீ. கீழே தொங்கினாலே ஏழு, எட்டுப் புள்ளி கூடும். ஐந்து நிமிஷம் பேசாமல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கையை மேசை மேல் வைத்து, ஒரு நிமிஷ இடைவெளியில் ரெண்டு தடவை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பருத்த கைக்குப் பெரிய பட்டை வேண்டும். சின்னதைச் சுற்றினால் இல்லாத பிபி வரும்.

கிட்னிக்கு கிரியாட்டினின் மட்டும் போதாது. வடிகட்டும் திறன் பாதி போகும் வரை அது பலருக்கு நார்மலாகவே நிற்கும். சிறுநீரில் ஆல்புமின் (ஒரு புரதம்)–கிரியாட்டினின் விகிதம் 30-ஐத் தாண்டினாலே சேதாரம் தொடங்கியிருக்கக்கூடும் என்று அர்த்தம். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் திரும்பப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். காய்ச்சல், கடும் உடற்பயிற்சிக்கு மறுநாள் எடுத்தால் பொய்யாக ஏறும். சர்க்கரை, பிபி இருப்பவர் வைட்டமின் பேனலை எடுத்துவிட்டு இதைப் போடச் சொல்லலாம். கூடவே விழித்திரை போட்டோவும், 10 கிராம் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பதும் வருஷம் ஒருமுறை. இந்த மூன்றும் இல்லாமல் ‘டயாபடிக் பேக்கேஜ்’ என்று விற்பது அநியாயம்.

தொந்தரவு எதுவும் இல்லாத முப்பது வயதுக்காரருக்கு டிரெட்மில் வீண். பொய்யாக பாசிட்டிவ் வந்து ஆஞ்சியோ வரை இழுத்துப்போகும். யூரிக் ஆசிட் 7.4 என்று வந்தால், மூட்டு வலி இல்லையென்றால் மாத்திரை வேண்டியதில்லை. வயதானவர்களில் சிலருக்கு முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்ஏ ஃபேக்டர் எந்த நோயும் இல்லாமலே பாசிட்டிவ் வரும்.

அப்பாருக்கும் அமுச்சிக்கும்

‘சீனியர் சிட்டிசன்’ பேக்கேஜில் ஐந்தாறு கேன்சர் மார்க்கர்கள் (ரத்தத்தில் புற்றுநோய் அடையாளம் தேடும் டெஸ்ட்டுகள்) இருக்கும், எதுவும் அவர்களுக்கு உதவாது. கேம்ப்பில் குதிகாலை மெஷினில் வைத்து எடுக்கும் எலும்பு அடர்த்தி, டெக்ஸா ஸ்கேனுக்கு ஈடு ஆகாது; 65 தாண்டிய பெண்களுக்கு இடுப்பு, முதுகெலும்பு டெக்ஸா. சோடியம் பார்ப்பது அவசியம்: பிபிக்குத் தண்ணீர் மாத்திரை (சிறுநீரைக் கூட்டுவது) சாப்பிடுபவருக்கு அது இறங்கிக் குழப்பமும் தடுமாற்றமும் வரும். அதை ‘வயசாயிருச்சு’ என்று விட்டுவிடுவார்கள்.

மற்றதை வீட்டிலேயே பார்க்கலாம். நாற்காலியில் இருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார 12 விநாடிக்கு மேல் ஆனால் விழும் ஆபத்து அதிகம். ஐந்து நிமிஷம் படுக்க வைத்து பிபி எடுத்து, எழுந்து நின்ற ஒரு நிமிஷத்திலும் மூன்று நிமிஷத்திலும் திரும்ப எடுங்கள். மேல் எண் 20 இறங்கினால் மாத்திரையை மாற்றுவது பற்றி டாக்டரிடம் பேச வேண்டிய நேரம் அது. சர்க்கரை, பிபி மாத்திரைக்காக மாதாமாதம் அலைய முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து அளந்து மாத்திரை கொடுக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் எந்த பிளாட்டினமும் அதன் பக்கத்தில் நிற்காது.

எதை வாங்கலாம்?

வீட்டுச் சேவை ரகம்: 30 தாண்டியவர் சிபிசி, எச்பிஏ1சி, கொழுப்பு, கிரியாட்டினின், சிறுநீர் அளவுக்குக் குறைத்து வாங்கினால் காசுக்கு மோசமில்லை. காலை ஏழு மணிக்குள் முதல் ஆளாக நேரம் கேளுங்கள். பெட்டியில் அதிக நேரம் ரத்தம் கிடக்காது. பயோட்டின் கலந்த முடி மாத்திரை சாப்பிட்டால் ரெண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், தைராய்டு எண்ணைக் கெடுக்கும்.

ஸ்கேன் சென்டர் ரகம்: பெரும்பாலும் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ (கல்லீரலில் லேசான கொழுப்பு) என்று ஒரு வரி வாங்கத்தான் ஆகும்.

ஆஸ்பத்திரி ரகம்: டாக்டர் ஆலோசனை எத்தனை நிமிஷம், யார் பார்ப்பார் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். ஸ்பைரோமெட்ரி, ஆடியோகிராம், விழித்திரை, மேமோகிராம் என்று உங்களுக்கு வேண்டியதை உள்ளே போட்டு, டிரெட்மில்லையும் மார்க்கர்களையும் கழித்துத் தரச் சொன்னால் பல இடங்களில் செய்து தருகிறார்கள், கேட்பவருக்கு மட்டும். போகும்போது பழைய ரிப்போர்ட்டும் சாப்பிடும் எல்லா மாத்திரையும் மஞ்சப் பையில் இருக்கட்டும், நாட்டு மருந்தும் சேர்த்து.

பில்லை வாங்கி வையுங்கள். பழைய வருமான வரி முறையில் இருப்பவருக்கு மருத்துவக் காப்பீட்டுக் கழிவின் (80டி என்று பழகிய பிரிவு) வரம்புக்குள் தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை கழிவு உண்டு. ரொக்கமாகக் கட்டியிருந்தாலும் செல்லும். புதிய முறையில் இது இல்லை.